கோரைநாட்டை யார் எடுப்பது

கருங்கோட்டை அரசன் வச்சிரவேலனுக்குத் தன்னைவிடப் பலசாலி எவனுமில்லை என்ற எண்ணம். பக்கத்திலிருந்த குட்டிச் சதுப்பு நிலமான கோரைநாட்டைப் பிடிக்கப்போவதாக அவன் அறிவித்தான். அந்த நாட்டுப் படகோட்டி செம்பாயி சபைக்கு வந்து, "எங்களை விட்டுவிடுங்கள், மகாராஜா" என்று கும்பிட்டாள்.

சபையில் அன்று இரண்டு தூதர்கள் இருந்தார்கள். ஒருவர் நீலத்தீவு மந்திரவாதிகள் அனுப்பியவர். மற்றவர் பறக்கும் நாகங்களில் ஏறிப் போரிடும் மலைநாட்டார் அனுப்பியவர். அவர்களைக் கண்டதும் அரசனுக்கு ஒரு விளையாட்டுத் தோன்றியது.

"என் யானைப்படை, இவர்களுடைய மந்திரம், அவர்களுடைய நாகங்கள். இதில் எது பெரிய பலம்? நாங்கள் மூவரும் ஒப்புக்கொள்கிற மாதிரி சொல். சொன்னால் உன் நாடு பிழைக்கும்."

யாரைச் சொன்னாலும் மற்ற இருவரும் ஒப்பமாட்டார்கள் என்று செம்பாயிக்குத் தெரியும். ஆனாலும் அவள் நிதானமாகவே பேசினாள்.

"எங்கள் நாடு உங்கள் மூவருக்கும் நடுவில் கிடக்கிறது, மகாராஜா. மற்ற இருவரும் பார்த்துக்கொண்டிருக்க, அதை எடுத்து வைத்துக்கொள்கிறவர்தான் பெரியவர்."

"சரியான பேச்சு" என்றார் மலைநாட்டுத் தூதர். "ஆனால் கருங்கோட்டை அதைத் தொட்டால் எங்கள் நாகங்கள் கிளம்பும்."

"நாகங்கள் வந்தால் நாங்கள் எரிப்போம்" என்றார் நீலத்தீவுத் தூதர். "யானைகள் வந்தாலும்தான்."

சபை முழுவதும் அரசனைப் பார்த்தது. அவன் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"அந்தச் சேறு எனக்கு எதற்கு?"

"எங்களுக்கும் வேண்டாம்" என்றார்கள் தூதர்கள்.

"எங்கள் நாடு யாருக்கும் வேண்டாம் என்று மூவரும் ஒப்புக்கொண்டுவிட்டீர்கள், மகாராஜா. நான் வருகிறேன்" என்று கும்பிட்டுவிட்டு நடந்தாள் செம்பாயி. கோட்டை வாசலைத் தாண்டியதும் படகை அவிழ்த்துக் கோரைநாட்டுப் பக்கம் திருப்பினாள்.