பாதி மருந்தைத் தின்றவன்

"எவனோ ஒருத்தன் என் மருந்துல பாதியைத் தின்னுட்டான், மேடம். அவன் யாருன்னு எனக்குத் தெரியணும்."

அருள்தாஸ் ஈயக் குடுவையை மேசைமேல் வைத்தார். வைத்த சத்தத்திலேயே கோபம் தெரிந்தது.

மெஹருன்னிசா அவரைவிடப் பதினான்கு வயது சின்னவர். ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில், கதிர்மருந்து தயாரிக்கிற கூடத்தில், அருள்தாஸுக்கு அவர்தான் குரு.

குடுவையைத் திறந்தார். உள்ளே இருந்த குப்பியை இடுக்கியால் எடுத்து அளவுமானியில் இறக்கினார். கதிர்வீச்சு எட்டு என்று காட்டியது.

"சொல்லுங்க."

மூளைக்குள் நோயெதிர்ப்பு செல்கள் எங்கே கொந்தளிக்கின்றன என்று ஸ்கேனில் காட்டிக்கொடுக்கும் மருந்து அது. கீழே அளந்தபோது இருபது. அருள்தாஸ் அதை மேலே ஸ்கேன் அறையில் சேர்த்தபோது ஒன்பது. பத்துக்குக் குறைந்தால் ஊசி போட மாட்டார்கள். நோயாளி பொற்கொடி அம்மாளை ஸ்கேன் படுக்கையிலிருந்து இறக்கி வீட்டுக்கு அனுப்பியாயிற்று. இது இரண்டாம் தடவை. இன்னும் ஒரு தடவைதான் வருவேன் என்று சொல்லிவிட்டுப் போனாராம். படம் வராமல் வைத்தியம் தொடங்காது.

அருள்தாஸ் ஒவ்வொருவர் மேலாகப் பழி போட்டார்.

லிஃப்ட்காரர் நோயாளிக் கட்டிலை முதலில் ஏற்றினாராம். அவருக்கு நியாயத்தைப் புரியவைக்காமல் இவர் நகரவில்லையாம். ஸ்கேன் அறைப் பெண் சீட்டில் நேரம் எழுத மறுத்தாளாம். எழுதிக் கையெழுத்துப் போடும்வரை குடுவையைக் கையிலிருந்து இறக்கவில்லையாம். ரசாயனக் கடையில் மூட்டை தூக்கி, மாலைக் கல்லூரியில் படித்து மேலே வந்தவன் நான், என்னை யாரும் ஏய்க்க முடியாது என்றார். அந்தக் கடை முதலாளியின் கதையையும் முழுசாகச் சொன்னார்.

மெஹருன்னிசா ஒரு கண்ணை அளவுமானிமேல் வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை தானாவே பாதியாகிற சாமான், மேடம். அது அந்த ஆளுக்குத் தெரியாதா?"

"நல்லாத் தெரியும்."

"அப்ப யாருன்னு சொல்லுங்க. நான் பேசிக்கிறேன்."

அவர் அளவுமானியை அருள்தாஸ் பக்கம் திருப்பினார்.

நான்கு.

இடையில் யாரும் உள்ளே வரவில்லை. குப்பியை யாரும் தொடவில்லை.

அருள்தாஸ் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு உட்கார்ந்தார்.

"நாளைக்குப் பத்து மணிக்கு அந்தம்மா மூணாந்தடவை வர்றாங்க," என்றார் மெஹருன்னிசா. "அந்த ஆளைப் பார்த்தா சொல்லுங்க. நாளைக்காவது அவர் இதைச் சரி பண்ணியாகணும்."