ராஜாவின் விக்கலும் மூலை குறைந்த வீடுகளும்

முன்னொரு காலத்தில் வளையாற்றுச் சீமையைப் பூபாலன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான். ஆனால் காலையில் ஒரு புத்தி, மாலையில் ஒரு புத்தி. கடைசியாகக் காதில் ஓதியவர் யாரோ, அவர் சொன்னதே சட்டம்.

ஒருநாள் விருந்தில் அதிரசத்தை அவசரமாக விழுங்கிய ராஜாவுக்கு விக்கல் பிடித்துக்கொண்டது. தண்ணீர் குடித்தான், சர்க்கரையை வாயில் போட்டான், மூச்சை அடக்கினான். மறுநாளும் நிற்கவில்லை. தீர்ப்புச் சொல்ல வாயைத் திறந்தால், "இவனுக்கு வி... விக்... வி..." என்று வரும். விடுதலையா விலங்கா என்று தெரியாமல் காவலர்கள் விழித்தார்கள்.

அரண்மனையில் மனையடி சாஸ்திரம் பார்ப்பவர் தாண்டவராயர். எதற்கெடுத்தாலும் ராஜா மந்திரி ஆதிமூலத்தையே கூப்பிடுகிறாரே என்று அவருக்கு வயிற்றெரிச்சல். மந்திரி குடியிருந்ததோ அரண்மனைக்கு எதிரே, ஆற்றின் வளைவை ஒட்டிய தெருவில். அங்கே ஒரு வீடும் சதுரமாக இருக்காது. ஆறு வளைந்த இடத்தில் சுவரும் வளையும். ஒரு வீட்டுக்கு மூன்றே மூலை. இன்னொன்று முறம் மாதிரி முன்னால் விரிந்து பின்னால் குறுகும்.

தாண்டவராயர் சமயம் பார்த்து ராஜாவின் காதருகே குனிந்தார்.

"மகாராஜா, உங்கள் உப்பரிகை அந்தக் கோணல் தெருவைத்தானே பார்க்கிறது? மூலை குறைந்த வீட்டின் தோஷம் எதிரே இருப்பவர் தொண்டையைப் பிடிக்கும். தெருவை இடித்தால் விக்கல் போய்விடும்."

"இடி... விக்... இடியுங்கள்!" என்றான் ராஜா.

தண்டோரா போட்டார்கள். தெருவே கலங்கிப்போனது. மூன்று மூலை வீட்டுச் செல்லத்தாயி மந்திரியிடம் ஓடிவந்தாள்.

"அய்யா, எங்க மாமனாருக்குக் கண்ணு தெரியாது. அந்தச் சுவரைத் தடவித் தடவித்தான் தானா எந்திரிச்சு, ஆத்துல குளிச்சு, தானா வந்து சாப்பிட உக்காருறாரு. வேற வீட்டுல கொண்டுபோய் விட்டா, மனுசன் எங்கயும் நடமாட மாட்டாரே!"

மந்திரி அவளுக்கு ஆறுதல் சொல்லி அனுப்பினார். 'என் வீடும் அங்கே இருக்கிறது. வாதாடினால் சுயநலம் என்பார்கள். என் வீட்டைப் பற்றிப் பேசாமலே தெருவைக் காப்பாற்ற வேண்டும்' என்று யோசித்தார்.

மறுநாள் சபைக்கு ஒரு பெரிய சுருளோடு போனார்.

"தாண்டவராயரே, கோணல் வீட்டுக்குப் பரிகாரம் ஏதும் கிடையாதா?"

"கிடையவே கிடையாது! துருத்திய பகுதியை வெட்ட வேண்டும், குறைந்த மூலையைக் கட்ட வேண்டும். முடியாவிட்டால் இடிக்க வேண்டும்."

"பெரிய வீடு, சின்ன வீடு என்ற பேதம் உண்டா?"

"வீடு பெரிதானால் தோஷமும் பெரிது!"

"ராஜாவுக்கு எது வீடு?"

புகழ்ந்து பேச வாய்ப்புக் கிடைத்ததே என்று தாண்டவராயர் பூரித்தார். "இதென்ன கேள்வி? நாடு முழுவதும் ராஜாவின் வீடுதான்!"

மந்திரி சுருளை விரித்தார். அது வளையாற்றுச் சீமையின் படம். "மகாராஜா, உங்கள் வீட்டைப் பாருங்கள். தென்மேற்கு மூலையே இல்லை, அங்கே பக்கத்து நாட்டு மலை புகுந்திருக்கிறது. தென்கிழக்கில் கொம்பு மாதிரி ஒரு பகுதி துருத்துகிறது. சாஸ்திரப்படி அதை இன்றே வெட்டி, உங்கள் பகையாளி சிங்கமுத்து ராஜாவிடம் கொடுத்துவிட வேண்டும். ஓலை எழுதச் சொல்லட்டுமா?"

"என்ன! என் மண்ணை அந்தச் சிங்கமுத்துவுக்கா?" ராஜா சிம்மாசனத்தை விட்டுத் துள்ளி எழுந்தான்.

அவனைவிட அதிகம் துள்ளியவர் தாண்டவராயர். அந்தக் கொம்பில் இருந்த ஊர்களெல்லாம் அவருடைய மானிய ஊர்கள்!

"வேண்டாம் மகாராஜா, வேண்டாம்! பரிகாரம் இருக்கிறது! குறைந்த மூலையில் ஒரு மரம் வைத்தால் அந்த மூலை நிரம்பிவிடும். துருத்திய இடத்தில் ஒரு விளக்கேற்றினால் போதும். வீட்டில் இருப்பவர்கள் சண்டையில்லாமல் இருந்தால் பாதி தோஷம் தானாகவே..."

சொல்லிக்கொண்டே வந்தவர் சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டார். சபை சிரிப்பை அடக்கப் படாதபாடு பட்டது.

ராஜா அவரை ஏற இறங்கப் பார்த்தான். "சற்று முன்பு கிடையவே கிடையாத பரிகாரம், உம்முடைய ஊருக்கு ஆபத்து வந்ததும் எங்கிருந்து முளைத்தது? ஏழைகள் வீட்டுக்கு மட்டும் கடப்பாரையா?"

"மகாராஜா," என்றார் மந்திரி மெல்ல, "தாங்கள் இவ்வளவு நீளமாகப் பேசினீர்கள். ஒரு விக்கலும் வரவில்லை. தெரு அப்படியேதான் நிற்கிறது."

ராஜா தொண்டையைத் தடவினான். இரண்டு வார்த்தை பேசிப் பார்த்தான். அதிர்ச்சியில் விக்கல் ஓடியே போயிருந்தது!

"இடிக்கும் உத்தரவு ரத்து!" என்று முழங்கினான். "தாண்டவராயரே, அந்தத் தெருவில் எங்கெல்லாம் மூலை குறைகிறதோ அங்கெல்லாம் உம் கையால் குழி தோண்டி மரம் வையும். வேர் பிடிக்கும்வரை தண்ணீரும் நீரே சுமந்து ஊற்ற வேண்டும்."

அன்று மாலையே தாண்டவராயர் மண்வெட்டியோடு செல்லத்தாயி வீட்டு முன்னால் நின்றார். வேடிக்கை பார்க்க ராஜாவும் மந்திரியோடு வந்துவிட்டான்.

"என்ன மரம் வைக்கட்டும் பெரியவரே?" என்று தலையைக் குனிந்தபடி கேட்டார் தாண்டவராயர்.

"மகிழம் வையுங்க சாமி. பூத்தா வாசனை வரும். அந்த மூலை எங்க இருக்குன்னு எனக்கும் தெரியும்" என்றார் செல்லத்தாயியின் மாமனார்.

தாண்டவராயருக்கு ஏனோ கண் கலங்கியது. குழியை இன்னும் கொஞ்சம் ஆழமாகவே தோண்டினார்.

கண் தெரியாத கிழவர் சுவரைத் தடவித் தடவிக் குழியருகே வந்ததை ராஜா பார்த்தான். இந்தக் கிழவரின் சுவரையா இடிக்கச் சொன்னோம் என்று அவனுக்கே வெட்கமாகிவிட்டது.

"ஆதிமூலம், வீட்டுக்கு மூலை குறைந்தால் மரம் வைத்து நிரப்பிவிடலாம். ராஜாவுக்கு மூளை குறைந்தால்?"

மந்திரி கைகூப்பினார்.

"அதற்குத்தானே மகாராஜா, மந்திரி வைத்திருக்கிறீர்கள்!"

ராஜா விழுந்து விழுந்து சிரித்தான். அந்தக் கோணல் தெரு முழுக்கச் சேர்ந்து சிரித்தது.