நாலு விரல் மடிப்பு

என் மகள் சுடரின் பாவாடைக்கு ஓரம் மடித்துத் தைத்துக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். எங்கள் வளவில் நாலு வீட்டுக்கும் ஒரே முற்றம். வெளிச்சம் வேண்டுமென்றால் எல்லோரும் அங்கேதான் வந்து உட்கார வேண்டும். எதிர் வீட்டு ஜெசிந்தா அக்காவும் பேனாவும் அளவுகோலுமாக அங்கேதான் இருந்தாள். அவளுக்கு வரைபடம் போடுகிற வேலை.

பலவேசம் அண்ணாச்சி கக்கத்தில் சுருட்டிய மேப்போடு வந்தார். எங்கள் வார்டு கவுன்சிலர். தெருமுனையில், மொட்டை மாடியில் கம்பி நீட்டிக்கொண்டு நிற்கிற வீடு அவருடையது. கட்டி இருபது வருஷம் ஆச்சு.

அண்ணாச்சிக்கு வயசு ஐம்பத்தெட்டு. அக்காவுக்கு இருபத்தொன்பது. ஆனாலும் அவர்தான் மாணவர். ஜெயித்த மறுவாரமே வந்து, "மீட்டிங்குல மேப்பை விரிக்காங்க, எனக்கு ஒரு எழவும் புரியல. சொல்லித் தா தாயி" என்று சம்மணம் போட்டு உட்கார்ந்தவர். அன்றிலிருந்து அவள் அவருக்கு டீச்சர்.

படித்த புதிதில் ஒரு நாள், குளத்துக்குக் கிழக்கே வெயிலில் ரெண்டு மணி நேரம் அலைந்துவிட்டு வந்தார். "மேப்புல பச்சை அடிச்சிருக்கு. அங்க ஒத்த மரம் இல்லையே டீச்சர்" என்றார். பச்சை என்றால் மரமில்லை, வீடு கட்டக் கூடாத இடம் என்று அக்கா சொன்னாள். மஞ்சள்தான் வீடு.

இப்போது அந்த இடத்துக்குத்தான் சண்டை. நகராட்சியில் இருபது வருஷத்துக்குத் திட்டம் போடுகிறார்கள். எது வீடு, எது கடை, எது சும்மா கிடக்க வேண்டியது என்று இப்போதே வண்ணம் அடித்துவிட வேண்டும். குளத்துக்குக் கிழக்கே பன்னிரண்டு ஏக்கர் பச்சை. அதை மஞ்சளாக்கு என்று பத்துப் பேர். கூடாது என்று பத்துப் பேர். நாளைக்குத் தீர்மானம். மிச்சம் இருப்பது அண்ணாச்சியின் ஒரு கை.

"என்ன அண்ணாச்சி, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு?"

"இசக்கி வந்திருக்கா."

இசக்கி அவர் மகள். அவளும் மாப்பிள்ளையும் அந்தப் பன்னிரண்டு ஏக்கருக்குள் அஞ்சு சென்ட் வாங்கிப் போட்டிருந்தார்கள். மஞ்சளானால் வீடு கட்டலாம். இல்லையென்றால் நாலு மூலையிலும் நட்ட கல்லைப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

"மாமியா வீட்டுல ஒத்தை ரூம்புல கெடக்கா டீச்சர். 'அப்பா, உங்க கையிலதான் இருக்கு'ன்னு சொல்லி அழுதுட்டா."

அக்கா கோடு போடுவதை நிறுத்தவில்லை.

"ஒண்ணு கேக்கேன். இருபது வருஷம் கழிச்சு யாரு வருவான், என்ன கேப்பான்னு ஒருத்தனுக்கும் தெரியாது. ஆஸ்பத்திரி கேப்பானா, பள்ளிக்கூடம் கேப்பானா? மூஞ்சி தெரியாத அவனுக்காக இடத்தைச் சும்மா போட்டுட்டு, பெத்த பிள்ளையை அழ விடணுமா?"

அக்கா பேனாவை மூடி வைத்தாள். "கனி, அதைக் கொஞ்சம் கொடு" என்றாள்.

என் தையல் அப்படியொன்றும் நேராக இருக்காது. ஆனாலும் கொடுத்தேன்.

அவள் பாவாடையைப் புரட்டிக் காட்டினாள். அடியில் நாலு விரல் அகலத்துக்குத் துணி உள்ளே மடிந்திருந்தது. அதற்கு மேலே இன்னொரு மடிப்பு.

"இது என்னது அண்ணாச்சி?"

"இது தெரியாதாக்கும்! வளர வளர ஒண்ணொண்ணாப் பிரிச்சு விடுததுக்கு. இசக்கிக்கும் அவ அம்மா இப்படித்தான் தைப்பா."

"எவ்வளவு துணி சும்மா கெடக்கு பாருங்க. கனி பையன் தொட்டில்ல வெறும் உடம்போட கெடக்கான். இதை வெட்டினா அவனுக்கு ஒரு சட்டை ஆகும்." கத்தரியை எடுத்து நீட்டினாள். "வெட்டுங்க."

அண்ணாச்சி வாங்கிவிட்டார். டீச்சர் எதைக் கொடுத்தாலும் வாங்கித்தான் அவருக்குப் பழக்கம்.

அந்த நேரம் பார்த்து சுடர் வந்து நின்றாள். நாலு வயசு. கத்தரியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"தாத்தா, உங்க வேட்டியை வெட்டுங்க" என்றாள்.

அக்கா சிரித்துவிட்டாள். அண்ணாச்சிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் கத்தரியைக் கீழே வைக்கவில்லை.

"பிள்ளை வளரும் டீச்சர், அது நிச்சயம். ஊரு அப்படியா? எந்தப் பக்கம் வளரும், எம்புட்டு வளரும்னு யாருக்குத் தெரியும்?"

அக்கா என் பக்கம் திரும்பினாள். "கனி, அடுத்த தீபாவளிக்கு இவ எவ்வளவு உயரம் இருப்பா?"

"தெரியாதுக்கா."

"அதுக்கு அடுத்த தீபாவளிக்கு?"

தலையைத்தான் ஆட்டினேன்.

"தெரியாமத்தான் மடிச்சு வச்சிருக்கா அண்ணாச்சி. தெரிஞ்சா அளவா வெட்டித் தைச்சிருப்பா."

அண்ணாச்சி கத்தரியைக் கீழே வைத்தார். மடிப்பைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருந்தார்.

"சரி. வீட்டுல உக்காந்திருக்காளே, இசக்கி. அவகிட்ட நான் என்ன சொல்ல?"

அக்கா வளவு வாசல் வழியாக வெளியே பார்த்தாள். அங்கிருந்து பார்த்தால் அவர் வீட்டு மொட்டை மாடியும், துருப்பிடித்து நிற்கிற கம்பிகளும் தெரியும்.

"அந்தக் கம்பியை எதுக்கு விட்டு வச்சீங்க அண்ணாச்சி?"

"எல்லாரும் விடுவாங்கல்லா. பின்னால மேல ஒரு வீடு எடுக்கணும்னா ஆகும்னு..."

"விட்டப்போ இசக்கிக்கு என்ன வயசு?"

"ஏழு, எட்டு இருக்கும்" என்றார் அண்ணாச்சி. மேப்பு அவர் மடியில் விரிக்காமலே கிடந்தது. அவர் கம்பிகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

உள்ளேயிருந்து அத்தை, "ஏட்டி கனி, பிள்ளை எந்திரிச்சிட்டான்" என்று சத்தம் போட்டாள். நான் ஊசியை மடிப்பிலேயே குத்தி வைத்துவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று கத்தரியை மட்டும் கையோடு எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.