கேட்காமல் எடுத்தது

"அம்மா, இதை நான் பிரிச்சுப் பார்க்கலாமா?"

கோமதிநாயகம் ஒட்டிய கவர் ஒன்றை நீட்டினார்.

தையல்நாயகி அம்மாள் அதைக் கையில் வாங்கவில்லை. குடும்ப நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்தவர் அவர். ஓய்வுக்குப் பிறகு சிற்றாற்றங்கரையில் குடிசை போட்டுக்கொண்டு, வருகிறவர்களுக்குத் தியானம் சொல்லிக்கொடுத்தார். தென்காசியில் மோட்டார் ரிப்பேர் கடை வைத்திருந்த கோமதிநாயகம் ஆறு வருடமாக அவருக்குச் சீடர்.

"என்ன அது?"

"டி.என்.ஏ. சோதனை முடிவும்மா. நிறைமதி எனக்குப் பிறந்தவதானான்னு."

"பொண்ணுக்குத் தெரியுமா?"

"தெரியாது. அவ பல் தேய்க்கிற பிரஷ்ஷை எடுத்து அனுப்பினேன்."

"உங்க வீட்டம்மாவுக்கு?"

"வடிவுக்கும் தெரியாது."

"கோர்ட்டுல வழக்கு ஏதும் உண்டா?"

"இல்லம்மா."

"வழக்கு இருந்தாக்கூட, அப்பா கேட்டுட்டார்னு நான் உடனே சோதனைக்கு உத்தரவு போட்டதில்லை. பிள்ளைக்கு இதனால என்ன ஆகும்னுதான் முதல்ல பார்ப்பேன்."

"எனக்கு மனசு கிடந்து அடிச்சுக்குதே. தெரிஞ்சுக்க எனக்கு உரிமை இல்லையா?"

அம்மாள் ஆற்றுப் பக்கம் கை காட்டினார்.

"வெயில்ல வந்திருக்கீங்க. ஆத்துல குளிச்சிட்டு வாங்க."

கவரைப் பைக்குள் வைத்து, பையைக் குடிசையிலேயே விட்டுவிட்டு அவர் போனார்.

திரும்பி வந்தபோது பை திறந்து கிடந்தது. கவர் ஒட்டியபடியே இருந்தது. ஆனால் அம்மாள் கையில் பழுத்துப்போன ஒரு காகிதம்.

பதினேழு வருடத்துக்கு முந்தைய ஆஸ்பத்திரிச் சீட்டு அது. கோமதிநாயகத்துக்கு விந்தில் உயிரணுக்கள் குறைவு, குழந்தை உண்டாவது கஷ்டம் என்று எழுதியது. கடை மேஜைக்குள் பூட்டி வைத்திருந்தார். வடிவுக்குக்கூடக் காட்டியதில்லை. சோதனை முடிவோடு சேர்த்துப் பார்க்கலாமென்று இன்றைக்குத்தான் வெளியே எடுத்திருந்தார்.

"கஷ்டம்னுதான் எழுதியிருக்கு. முடியாதுன்னு எழுதலையே" என்றார் அம்மாள் நிதானமாக.

கோமதிநாயகத்துக்கு முகமெல்லாம் எரிந்தது.

"யாரைக் கேட்டும்மா அதை எடுத்தீங்க?"

"கெட்டதா ஒண்ணும் இல்லையே."

"நல்லதோ கெட்டதோ, அது என் உடம்பு சமாச்சாரம்! என்கிட்ட ஒரு வார்த்தை கேட்..."

அவர் கண் பைக்குள் இருந்த கவரில் போய் நின்றது. தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. துவட்டத் தோன்றவில்லை.

அம்மாள் சீட்டை மடித்து இரண்டு கையாலும் நீட்டினார்.

"தப்புதான். மன்னிக்கணும்."

அன்று சாயங்காலமே கோமதிநாயகம் வீட்டில் மனைவி, மகள் இரண்டு பேரையும் உட்காரவைத்து, செய்ததையெல்லாம் சொன்னார். சீட்டை வடிவிடம் கொடுத்தார்.

வடிவு இரண்டு முறை படித்தாள்.

"பதினேழு வருசம் இதை மனசுல வச்சுக்கிட்டா என்கூடக் குடும்பம் நடத்துனீங்க?"

அவள் எழுந்து உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நிறைமதிக்குப் பதினாறு வயது. கவரை அவளிடம் நீட்டினார்.

"பிரிக்கலைம்மா. உன்கிட்டக் கேட்டிருக்கணும். கேட்கலை."

அவள் வாங்கிப் புரட்டிப் பார்த்தாள்.

"கிழிச்சுப் போட்டுட்டா?"

"உன் இஷ்டம்."

"நான் மட்டும் பார்த்துட்டு, உங்ககிட்டச் சொல்லலைன்னா?"

அவர் கவரிலிருந்து கண்ணை எடுத்தார்.

"அதுவும் உன் இஷ்டம்தான்."

அவள் கவரை இயற்பியல் புத்தகத்துக்குள் செருகினாள். அப்புறம் உள்ளறைப் பக்கம் காது கொடுத்தாள்.

"அம்மா அழுறாங்க. போங்கப்பா."

போனார். தாழ்ப்பாள் இல்லாத கதவு. எப்போதும் தள்ளிக்கொண்டு நுழைகிற கதவு. தள்ளுவதற்கு நீட்டிய கை அப்படியே நின்றது.

மெல்லத் தட்டினார்.

"வடிவு... உள்ள வரலாமா?"