மேனேஜரின் நாற்காலிக்குப் பின்னால்

இதை நான் நேரில் பார்க்கவில்லை. பல்லடம் பக்கம் நூல்மில்லில் வேலை பார்த்த என் சித்தி மகள் சொன்னது.

எல்லாப் பெண்களும் போனை இயக்கும் மென்பொருளையே அழித்துவிட்டு மில் கொடுப்பதைப் போட வேண்டும், போடாதவர்களுக்கு வேலை இல்லை என்றார் மேனேஜர் நாச்சிமுத்து.

"நாங்க பேசுறதை ஒட்டுக் கேக்குமா சார்?" என்றாள் தென்காசிக்காரி முப்பிடாதி.

"உங்க ஊர்க்கதை எனக்கெதுக்கு கண்ணு? வருகைப் பதிவுக்குத்தான்."

போட்டுக்கொண்டாள். மதியம் ஆளில்லாத விடுதி அறையில் போனைக் கட்டிலில் வைத்து, அதனிடம் மெல்லச் சொன்னாள்: "இன்னிக்கும் மேனேஜர் நாற்காலிக்குப் பின்னால அந்தப் பொம்பள நின்னா. குனிஞ்சு அவர் கழுத்தை மோந்து பாத்தா."

மறுநாள் அவர் நாற்காலி சுவரோடு ஒட்டிக் கிடந்தது.

"ஏன் சார் தள்ளிப் போட்டீங்க?" என்று எல்லார் முன்னிலும் கேட்டாள்.

"அங்க எந்தப் பொம்பளையும் இல்ல!" என்று கத்தினார்.

"பொம்பளைன்னு நான் சொல்லவே இல்லையே சார். போன்கிட்ட மட்டுந்தான் சொன்னேன்."

அதன்பிறகு யாரையும் வேலையை விட்டு அனுப்ப அவருக்கு வாய் வரவில்லை. பெண்கள் போன் கடையில் பழைய மென்பொருளுக்கே மாற்றிக்கொண்டார்கள்.

அந்தக் கடைக்காரரிடம் பிறகு நானே விசாரித்தேன். மேனேஜரும் தன் போனைக் கொண்டுவந்தாராம். அதிலும் அதே மென்பொருள் இருந்தது. யார் போட்டது என்று மேனேஜருக்கே தெரியவில்லையாம்.