வக்கீலம்மா போட்ட பில்

சொர்ணலிங்கம் யாரையும் லேசில் நம்பிவிடுகிற ஆள் இல்லை. விருதுநகரில் இரும்புக்கடை வைத்திருக்கிறார். தன் கடைத் தராசையே ஒரு நாளைக்கு நாலு தடவை சோதித்துப் பார்ப்பார். அப்பேர்ப்பட்டவர் சாமி ஒருத்தரிடம் மட்டும் இருபது வருஷமாகச் சீடர். சாமிக்கு வயசு அவரைவிடக் குறைவுதான். இருந்தாலும் கோர்ட்டுக்குப் போகிற காகிதம் எதுவானாலும், மூலையில் மஞ்சள் தடவி, சாமி கையில் கொடுத்து வாங்கினால்தான் அவருக்கு நிம்மதி.

அன்று காலையும் மஞ்சள் தடவிய மனுவோடு வந்து நின்றார்.

"கடை இடத்துக் கேஸ்தான் ஜெயிச்சாச்சே அண்ணாச்சி. இது என்ன?" என்றார் சாமி.

"ஜெயிச்சுக் கொடுத்த வக்கீலம்மா மேலதான் சாமி, அந்த அருமைக்கனி. ரெண்டே முக்கால் லட்சம் பீஸ் போட்டிருக்கா. அநியாயம்! நியாயமான பீஸ் எவ்வளவுன்னு கோர்ட்டே சொல்லட்டும். நாளைக்குத் தாக்கல்."

"கோர்ட்டு உங்க பக்கம் சொன்னா?"

"அப்புறம் இந்த ஊர்ல அந்தம்மாகிட்ட எவன் கேஸ் கொண்டு போவான்? பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்."

சாமி மனுவை வாங்கவில்லை. அதோடு இருந்த பில்லைக் கைகாட்டினார்.

"பில்லை வாசிங்க."

"கோர்ட்டில் ஆஜரானது ஒன்பது தடவை. அதை நான் குறை சொல்லலை. கீழே பாருங்க சாமி, கட்சிக்காரர் சந்திப்பு, அதாவது நான் போய்ப் பார்த்தது, அறுபத்துமூணு தடவையாம்! இதை யாரு குடுப்பா?"

"ஒவ்வொண்ணா வாசிங்க."

"'பிப்ரவரி நாலு. கட்சிக்காரர் வந்தார். எதிர்த்தரப்பு வக்கீலோடு நான் ஏன் டீ குடித்தேன் என்று கேட்டார். ஒரு மணி நேரம்.'"

"ம்."

"'பிப்ரவரி ஆறு. மறுபடி வந்தார். அந்த டீக்குக் காசு கொடுத்தது யார் என்று கேட்டார். ஒன்றரை மணி நேரம்.'" சொர்ணலிங்கத்தின் குரல் இறங்கியது. "'பிப்ரவரி ஒன்பது. என் புதுச் செருப்பைப் பார்த்தார். யார் வாங்கிக் கொடுத்தது என்று கேட்டார். அரை மணி நேரம்.'"

"பொய்யா எழுதியிருக்காங்களா?"

"பொய்யில்லை. போனேன்தான், கேட்டேன்தான். காலம் கெட்டுக் கிடக்கு சாமி, கேட்காம இருக்க முடியுமா?"

"அப்ப இதுல எதைக் குறைக்கச் சொல்றீங்க?"

இருபது வருஷத்தில் சாமி இப்படி மடக்கியதே கிடையாது. இவர் யாருக்காகப் பேசுகிறார்? சாமி பக்கத்தில் ஒரு சீப்பு மலைவாழைப்பழம் இருந்தது. நல்ல பழம், விலை கூடுதல். யார் கொண்டுவந்து வைத்திருப்பார்கள்?

"சாமி, தப்பா நெனைக்கக் கூடாது. அந்தம்மா எனக்கு முன்னாடியே இங்க வந்துட்டுப் போயிட்டாளோ?"

கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

சாமி கோபப்படவில்லை. சொர்ணலிங்கத்தின் சட்டைப் பையிலிருந்த பேனாவை உருவினார். பில்லை வாங்கி, கடைசி வரிக்குக் கீழே எழுதினார். எழுதியதை வாசித்தும் காட்டினார்.

"'இன்று கட்சிக்காரர் என்னிடம் வந்தார். நானும் விலைபோய்விட்டேனா என்று கேட்டார்.' இதுக்கு நியாயமான பீஸ் எவ்வளவு போடலாம் அண்ணாச்சி? நீங்களே சொல்லுங்க."