மூணு லட்சத்துப் பை

ராணிப்பேட்டையில் ஒரு தோல்பை கம்பெனி இருந்தது. அதன் பேரைச் சொன்னாலே பணக்காரர்கள் வரிசையில் நிற்பார்கள். முதலாளி சந்தானகோபால் ஒரு நாள் காலையில் தையல்காரி கன்னியம்மாவைக் கூப்பிட்டார்.

"ரெண்டு லட்சத்துப் பை இன்னையிலிருந்து மூணு லட்சம். பார்க்கிறவங்க கண்ணுக்கும் மூணு லட்சமாத் தெரியணும். ஆனா தோலை மாத்தக் கூடாது, நூலை மாத்தக் கூடாது. மத்தியானம் சென்னைக் கடைக்காரங்க வர்றாங்க. முடியலைன்னா நீயும் உன்கூடத் தைக்கிற எட்டுப் பேரும் நாளைக்கு வர வேணாம்."

எட்டுப் பேரும் மிஷினை நிறுத்திவிட்டு கன்னியம்மாவின் முகத்தையே பார்த்தார்கள்.

"என்னக்கா பண்ணப்போறே?"

கன்னியம்மா எழுந்து கிடங்குப் பக்கம் போனாள்.

மத்தியானம் கடைக்காரர்கள் முன்னால் இரண்டு பைகளை வைத்தாள். ஒன்றில் பழைய விலைச்சீட்டு, மற்றதில் புதுசு.

முதலாளி மூணு லட்சத்தைத் தூக்கித் தடவினார். "பார்த்தீங்களா, தையலே தனி. அந்தப் பழசு இது பக்கத்துல நிக்குமா?"

"சரியா வந்திருக்கா சார்?"

"பிரமாதம்மா."

"உள்பக்கத்துப் பாக்கெட்டைக் கொஞ்சம் பாருங்க சார்."

பார்த்தார். உள்ளே சிவப்பு நூல் முடிச்சு. தையல் கோணல் என்று கழித்த பைக்கு அவரே தன் கையால் போடுகிற முடிச்சு அது. போன வாரம் போட்டது.

"தோலையும் தொடலை, நூலையும் தொடலை சார். சீட்டை மட்டும்தான் மாத்தினேன்," என்றாள் கன்னியம்மா, அவருக்கு மட்டும் கேட்கும்படி மெதுவாக. "நாளைக்கு நாங்க எத்தனை மணிக்கு வரட்டும்?"

கடைக்காரர்கள் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எப்பவும்போல எட்டு மணிக்கு," என்றார் முதலாளி.